ஆன் ஆரணிக்கு ஒரு பள்ளிக்கூடம்

அந்தப் பள்ளிக்கூட விறாந்தை வாங்கில் நாங்கள் மூன்று பேரும் இருந்த இருப்பை யாராவது படம் பிடித்திருந்தால், இந்தக் கிழமை நான் எழுதவே தேவையில்லை. அதைப் போட்டிருந்தாலே போதும்.

நடுவில் என் மகள் ஆரணி. புதுச் சப்பாத்துப் போட்ட கால்கள் நிலத்தில் முட்டாமல் ஆடிக்கொண்டிருந்தன. ஒரு பக்கம் நான், கலியாண வீடுகளுக்கு மட்டும் எடுக்கிற சேலையில். மற்றப் பக்கம் என்னுடைய மனுசன் அன்ரன், கழுத்துப் பொத்தானையும் பூட்டிக்கொண்டு மூச்சுவிடக் கஷ்டப்பட்டார். துறைமுகத்தில் கப்பல்களை இழுத்து வருகிற படகில் எஞ்சின் பார்க்கிற வேலை அவருக்கு. எவ்வளவு சவுக்காரம் போட்டாலும் நகத்துக்குள் இருக்கிற கிறீஸ் போகாது. அதனால் இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே ஒளித்து அவற்றின் மேல் ஏறி இருந்தார்.

கன்னியாஸ்திரிகள் நடத்துகிற ஒரு தனியார் ஆரம்பப் பள்ளிக்கூடம் அது. ஐந்தாம் ஆண்டு வரைக்கும்தான். விறாந்தைக்குச் சிவப்புப் பொலிஷ் போட்டு மினுக்கியிருந்தார்கள். அந்த மணமும் கடல் காற்றும் சேர்ந்து வந்தது. உள்ளே ஒரு வகுப்பு முழுக்க ஒரே குரலில் வாய்ப்பாடு கத்தியது. முற்றத்து மரத்தடியில், எங்கள் ரவுன் தெருவெல்லாம் திரிகிற மான்களில் ஒன்று, யாரோ எறிந்த பாண் கரையை மென்றுகொண்டு, எங்களை ஒரு பொருட்டாகவே எடுக்காமல் நின்றது.

எனக்கென்றால் சந்தோசம், புளுகம் தாங்க முடியவில்லை. நேர்முகம் பிள்ளைக்கா எனக்கா என்று தெரியாத அளவுக்கு உள்ளங்கை வேர்த்தது.

"அம்மா, ஏன் சிரிக்கிறீங்கள்?" என்று ஆரணி கேட்டாள்.

"நான் சிரிக்கேல்லையே."

"பல்லுத் தெரியுதே."

அன்ரன் யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு குலுங்கினார். "கொம்மாவை ஒண்டும் கேளாதையும் பிள்ளை. அவ முதலாம் ஆண்டுக்குச் சேர வந்திருக்கிறா" என்றார்.

பகிடிதான். ஆனால் பொய்யில்லை.

எல்லாம் இரண்டு

இந்தத் தொடரை முதலிலிருந்து வாசிப்பவர்களுக்கு எங்கள் கலியாணக் கதை தெரியும். புதிதாக வந்தவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான் திரியாய்க்காரி, சைவம். அன்ரன் திருகோணமலை ரவுன், கத்தோலிக்கம். விரும்பித்தான் கட்டினோம். இரண்டு பக்கமும் கொஞ்சக் காலம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார்கள். பிள்ளை பிறந்ததும் இறக்கி வைத்தார்கள்.

எங்களுக்குள் ஒரே ஒரு ஒப்பந்தம் இருந்தது. பிள்ளையை ஒரு பக்கம் இழுப்பதில்லை. வளர்ந்து அவளே பார்த்துக்கொள்ளட்டும்.

சொல்வது சுகம். செய்யும்போதுதான் தெரியும், இழுக்காமல் இருப்பதென்றால் எல்லாவற்றையும் இரண்டு தரம் செய்யவேண்டும் என்று. அவளுக்கு ஞானஸ்நானமும் கொடுத்தோம், விஜயதசமியன்று அரிசியில் ஏடும் தொடக்கினோம். பெயரே ஆன் ஆரணி. வெள்ளிக்கிழமை என்னோடு பிள்ளையார் கோயில், ஞாயிற்றுக்கிழமை தகப்பனோடு பூசை. சாப்பிட முன் சிலுவை போடுவாள். குளித்துவிட்டு வந்து நெற்றியைக் காட்டிக்கொண்டு திருநீற்றுக்கு நிற்பாள். எல்லா வீட்டிலும் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ஒரே ஒரு கோயில்தான் என்று கேள்விப்பட்டு, "பாவம் அம்மா" என்று உதட்டைப் பிதுக்கினாள்.

நேர்சரி வரைக்கும் ஒரு கரைச்சலும் இல்லை. பள்ளிக்கூடம் என்று வந்தபோதுதான் சிக்கல் தொடங்கியது. எங்கள் நாட்டில் முதலாம் ஆண்டிலேயே சமயம் ஒரு பாடம். அந்தப் பாடவேளை வந்தால் பிள்ளைகள் எழும்பிப் பிரிந்து அவரவர் வகுப்புக்குப் போகவேண்டும். ஒரு பிள்ளை இரண்டு வகுப்பில் இருக்க ஏலாது.

கூரை இல்லாத வகுப்பு

எனக்கேன் இந்தப் பள்ளிக்கூடப் பைத்தியம் என்று அன்ரனுக்கு முதலில் விளங்கவில்லை. அவர் ரவுனில் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்து, அதே பள்ளிக்கூடத்தின் மதிலால் பாய்ந்து, அதே மதிலடியில் பிடிபட்டு அடி வாங்கி வளர்ந்தவர்.

நான் அப்படியில்லை. என்னுடைய சின்ன வயதில் எங்கள் ஊரே இடம்பெயர்ந்து இருந்தது. ஒரு முகாமில் அரிச்சுவடி, அடுத்த முகாமில் வாய்ப்பாடு. ஒரு காலம் புளியமரத்தடியில் படித்தோம். ஒரு காலம் நீலக் கூடாரத்துக்குள். உள்ளே இருந்தால் எல்லாருடைய முகமும் நீலமாக இருக்கும். மணி கிடையாது. ரீச்சர் கையைத் தட்டினால் பாடம் தொடங்கும், மழை வந்தால் முடியும். சின்ன வயது என்றதும் பாட்டி, தாத்தாவின் கதை சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்தக் காலத்தில் ஞாபகம் இருப்பது கூடாரத்துத் துணி வெயிலில் காய்ந்து வருகிற மணம்தான்.

ஆகவே கேற்றும், மணியும், பெயர் எழுதிய கொப்பி வைக்கிற அலுமாரியும் உள்ள ஒரு பள்ளிக்கூடத்தைக் கண்டால் எனக்குத் தலைகால் தெரியாது. வேறு பெண்கள் நகைக்கடைக் கண்ணாடியைப் பார்ப்பார்கள். நான் ஓட்டோவில் போகும்போது பள்ளிக்கூடங்களை எட்டிப் பார்ப்பேன்.

இரண்டு வாசல்கள்

அரசாங்கப் பள்ளிக்கூடங்களில் வீடு எவ்வளவு கிட்ட, எவ்வளவு காலமாக அங்கே குடியிருக்கிறீர்கள் என்று பார்ப்பார்கள். நாங்கள் ஓர்ஸ் ஹில்லில் வாடகை வீட்டுக்கு வந்தது நேற்று மாதிரி. அந்தக் கதவு சாத்தியாயிற்று.

மிஞ்சியது இரண்டு தனியார் ஆரம்பப் பள்ளிக்கூடங்கள். ஒன்று சைவ சபையொன்று நடத்துவது. அங்கே முதலில் போனோம். நல்ல இடம், குறை சொல்ல வாயில்லை. காலையில் பிள்ளைகள் வரிசையாக நின்று தேவாரம் பாடும்போது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அதிபர் அன்ரனுக்குக் கதிரை இழுத்துப் போட்டு, பிளேன்ரீ கொடுத்து, அன்பாகத்தான் கதைத்தார். "ஆனால் எங்களிட்ட சமயம் எண்டால் சைவம் மட்டும்தான் தம்பி. மறைச்சுச் சொல்லக்கூடாது" என்றார்.

அன்ரன், "அதுக்கென்ன சேர்" என்று சிரித்தார். பிறகு வீட்டுக்கு வெளிக்கிட்டோம். எப்போதும் உட்துறைமுகம் தெரிகிற வளைவில் நின்று, இன்றைக்கு எந்தக் கப்பல் என்று பிள்ளைக்குக் காட்டுகிற மனுசன், அன்று நேரே பார்த்துக்கொண்டு போனார். அதைக் கண்டதும் அந்த வாசல் வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன்.

மற்றது சிஸ்ரர்மாருடையது. அங்கே கத்தோலிக்க வகுப்பு இருக்கும் என்பது தெரிந்ததே. மற்ற வகுப்பு இருக்கிறதா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

செய்தி பரவியதும் போன் அடிக்கத் தொடங்கியது. திரியாயிலிருந்து என் அண்ணை: "என்ன பிள்ளை, கன்னியாஸ்திரியளிட்டயா விடப்போறாய்? பேந்து பிள்ளை என்னட்ட வந்து 'தோத்திரம் மாமா' எண்டுமே?" அண்ணை கோபக்காரன் இல்லை, ஆனால் கோபம் வந்த மாதிரிக் கதைப்பதில் அவருக்கு ஒரு சந்தோசம்.

இந்தப் பக்கம் என் மச்சாள், அன்ரனுடைய அக்கா. தேவாலயத்தில் பாடகர் குழுவை நடத்துகிறவ. கையைத் தூக்க மாட்டா. முகத்தைக் கொஞ்சம் நிமிர்த்தி நாடியை உயர்த்தினால் குழு முழுக்கச் சுருதி ஏறும். ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிய எங்கள் வீட்டுக்கு வந்து, ஆரணிக்கென்று சுட்ட பாலப்பத்தை வாழையிலையில் சுற்றிக் கொண்டுவருவா. ஆரணிக்கு அந்த மாமி என்றால் உயிர். சிஸ்ரர்மாரிடம் போகிறோம் என்றதும் மச்சாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மாதா உன்னைக் கைவிட மாட்டா" என்றா. நான் தலையை ஆட்டினேன். வேறென்ன செய்ய?

"இண்டைக்கு என்ன கிழமை?"

கதவு திறந்தது. பெரிய சிஸ்ரர் எங்களை உள்ளே கூப்பிட்டா. கண்ணாடி போட்ட, மெல்லிய குரலுள்ள மனுசி. மேசையில் வண்ணக்கட்டிகளும் ஒரு பொம்மை யானையும் இருந்தன.

"பிள்ளைக்கு என்ன பேர்?"

"ஆன் ஆரணி."

"அம்மா என்ன வேலை செய்யிறா?"

"கந்தோரில கதைக்கிறா."

நிலம் பிளந்தால் உள்ளே இறங்கியிருப்பேன். அன்ரன் இருமினார்.

"அப்பா?"

"கப்பலுக்குக் கயிறு கட்டி இழுக்கிறார். பெரிய கப்பல். உங்கட பள்ளிக்கூடத்தை விடப் பெரிசு."

சிஸ்ரர் நிறங்கள் கேட்டா, சொன்னாள். எண்ணச் சொன்னா, நிறுத்தச் சொல்லும் வரைக்கும் எண்ணினாள். எனக்கு உள்ளே தவில், நாதசுரத்தோடு மேளச்சமா நடந்தது. பிறகு சிஸ்ரர் யானையை அவளிடம் கொடுத்துவிட்டு, சும்மா கேட்கிற மாதிரிக் கேட்டா.

"சரி, பிள்ளை என்ன சமயம்?"

ஆரணி யானையின் காதைப் பிடித்துக்கொண்டு யோசித்தாள். பிறகு நிமிர்ந்து, "இண்டைக்கு என்ன கிழமை, சிஸ்ரர்?" என்றாள்.

"புதன்கிழமை."

"அப்ப இண்டைக்கு ஒண்டுமில்லை."

சிஸ்ரர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுச் சிரித்தா. சத்தமே வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. எங்கள் இருவருக்கும் சிரிக்கிறதா அழுகிறதா என்று தெரியவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பினா. "பிள்ளை தன்ர பதிலைச் சொல்லிட்டா. இனி நீங்கள் சொல்லுங்கோ. சமய பாடத்துக்கு எந்த வகுப்பில இருத்திறது?"

காலையில் ஆரணிக்குத் தலை இழுத்துப் பின்னும்போதே நான் முடிவெடுத்திருந்தேன். கத்தோலிக்கம் என்று சொல்வது. அந்தச் சிவப்பு விறாந்தை, அந்த மணி, அந்த அலுமாரி எல்லாம் என் பிள்ளைக்குக் கிடைக்கவேண்டும். சிஸ்ரர்மாரின் பள்ளிக்கூடத்தில் வந்து சைவம் என்று சொல்லி இடத்தைக் கெடுக்கச் சொல்லுகிறீர்களா? என் பிள்ளை எனக்குத் தெரியாத செபங்களோடு வளருவாள். வளரட்டும் என்று விட்டுவிட்டேன். வாயைத் திறந்தேன்.

"சைவம், சிஸ்ரர்" என்றார் அன்ரன்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவருக்கு விசரா?

சிஸ்ரர் நெற்றியைச் சுருக்கினா. "நீங்கள் கத்தோலிக்கரெல்லோ?"

"ஓம், சிஸ்ரர்."

"பிள்ளைக்கு ஞானஸ்நானம் குடுத்திருக்கு?"

"ஓம்."

"பேந்து?"

"பேந்தும் சைவம்தான், சிஸ்ரர்."

மேலே காற்றாடி கிறீச் கிறீச் என்று சுற்றியது. நான் மேசைக்குக் கீழே அவருடைய காலைத் தேடி மிதித்தேன். அகப்பட்டது மேசைக்கால்.

சிஸ்ரர் அவரையே பார்த்தா. பிறகு சொன்னா: "இந்தக் கதிரையில வந்து இருக்கிற ஆக்கள் கனபேர், இடம் கிடைக்கோணும் எண்டதுக்காக இல்லாத கத்தோலிக்கத்தைச் சொல்லுறவை. நீங்கள்தான் இருக்கிறதை வைச்சுக்கொண்டு மாறிச் சொல்லுறீங்கள்." எனக்குக் காது சுட்டது. "எங்களிட்ட சைவ வகுப்பும் இருக்கு. நல்ல ரீச்சர். தை மாதம் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாங்கோ."

கேற்றுக்கு வெளியே

கேற்றைத் தாண்டினவுடன் நான் துள்ளினேன். சத்தியமாகத் துள்ளினேன், கலியாணச் சேலையோடு. மான் பாணை விட்டுவிட்டு ஓடியது. ஆரணி கையைத் தட்டினாள்.

இரண்டாவது துள்ளலில் கோபம் வந்தது.

"என்ன வேலையப்பா பாத்தனீங்கள்? இடம் போயிருந்தா? நான் கத்தோலிக்கம் எண்டு சொல்லத்தானே வாயைத் திறந்தனான்!"

"தெரியும். உம்மட முகத்தில எழுதி ஒட்டியிருந்தது."

"பிறகேன்?"

அன்ரன் கழுத்துப் பொத்தானைக் கழற்றினார். "இஞ்ச பாரும். இந்தப் பள்ளிக்கூடத்தில மணி அடிச்சாச் செபம், சாப்பிட்டாச் செபம், சுவர் முழுக்க மாதா. என்ர பக்கம் அவளுக்குக் கேளாமலே கிடைக்கும். உம்மட பக்கம் கேட்டாத்தான் கிடைக்கும். அதான் கேட்டனான்."

"உங்கட அக்காவுக்கு என்ன சொல்லுவீங்கள்?"

"நடந்ததைச் சொல்லுவன்."

நடுரோட்டில் நின்று அழுதேன். சந்தோசத்தில்தான், ஆனால் பார்ப்பவர்களுக்கு அது தெரியுமா? ஓட்டோக்காரர் ஒருவர் வேகத்தைக் குறைத்து எட்டிப் பார்த்து, "அக்கா, ஏறுறீங்களா, அழுது முடிச்சிட்டு வாறீங்களா?" என்றார். ஏறினோம்.

வராத பாலப்பம்

அன்ரன் நடந்ததைச் சொன்னார். மச்சாள் கேட்டது ஒரே கேள்வி: "அப்ப ஞானஸ்நானம் குடுத்தது சும்மாவா, தம்பி?" அதற்குப் பிறகு வரவில்லை.

அண்ணை என்னவென்றால் வென்றவர் மாதிரி ஒரு பை நிறையக் கச்சான் கடலையோடு வந்து இறங்கி, எங்கள் வீட்டுக் கதிரையில் கால் மேல் கால் போட்டுக்கொண்டு இருந்தார். எனக்கு அது பிடிக்கவேயில்லை. இங்கே யாரும் யாரையும் வெல்லவில்லை.

தை பிறந்தது. ஆரணி வெள்ளைச் சட்டையும் கழுத்தில் ரையுமாகப் போனாள். முதல் நாளே வகுப்பில் பாதிப்பேரைச் சிநேகிதம் பிடித்துக்கொண்டு வந்தாள். நான் கந்தோர் வேலை முடிந்து வந்து சேலை மாற்றவும் விடாமல் பள்ளிக்கூடக் கதை சொல்லுவாள். கேட்டுக் கேட்டு எனக்குப் பசியே எடுக்காது. அவ்வளவு சந்தோசம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வாசல் பக்கம் போய்ப் போய் வருவாள். "மாமி ஏன் வரேல்ல?" பூசையில் மாமியைக் காண்கிறாள், மாமி பாட்டுப் புத்தகத்தைவிட்டுக் கண்ணை எடுப்பதில்லை. அன்ரன் அவளைத் தூக்கிக்கொண்டு உள்ளே வருவார். அன்று சைவம் என்று சொன்னதற்கு அவர் கொடுத்த விலை அது என்று எனக்குத் தெரியும். எனக்காகத்தான் கொடுத்தார் என்பதும் தெரியும். இப்படியே மாமியும் மருமகளும் பிரிந்து போய்விடுவார்களோ என்று எனக்கு ஒரே அந்தரம்.

தவணை முடிவில்

முதல் தவணை முடியும்போது பள்ளிக்கூட மண்டபத்தில் சின்னதாக ஒரு விழா வைத்தார்கள். சைவ வகுப்பிலிருந்து தேவாரம் பாட ஆரணியைத் தெரிவு செய்திருந்தார்கள். பாடமாக்கிக்கொண்டு வரச்சொல்லி ரீச்சர் விட்டிருக்கிறா. எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை, கள்ளி. பின்னேரங்களில் நான் கந்தோரில் நிற்க, வேலை முறை முடிந்து வந்த தகப்பனும் அவளுமாகக் கதவைச் சாத்திப் பழகியிருக்கிறார்கள். விழாவுக்கு முதல் நாள்தான் விசயம் வெளியில் வந்தது. "பொறுங்கோ, நாளைக்கு மேடையில கேளுங்கோ" என்று இருவரும் சேர்ந்து என் வாயை அடைத்தார்கள்.

அண்ணை முதல் பஸ்ஸுக்கே வந்து சிஸ்ரர்மாருக்கு நேர் பின் வரிசையில் எங்களுக்கு இடம் பிடித்துவிட்டார். மச்சாளுக்கு அன்ரன் போனில் ஒன்றே ஒன்றுதான் சொன்னாராம்: "அக்கா, பிள்ளை பாடுறாள்." விழா தொடங்கிய பிறகு மச்சாள் வந்தா. எங்கள் வரிசையின் கடைசிக் கதிரையில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, எங்களைப் பாராமல் இருந்தா.

ஆரணி ஏறினாள். நெற்றியில் திருநீறு, கூப்பிய கை. வாயைத் திறந்தாள்.

எனக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. சொற்கள் நான் சின்ன வயதில் கூடாரத்துக்குள் பாடமாக்கிய அதே சொற்கள். ஆனால் அவை போன வழி வேறு. நீட்டி, நிதானமாக, அலை ஏறி இறங்குகிற மாதிரி. ஐயோ கடவுளே, அது ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பாடுகிற மாதா பாட்டின் மெட்டு!

திரும்பிப் பார்த்தேன். அன்ரன் தன் முழங்காலைப் படித்துக்கொண்டிருந்தார். காது இரண்டும் சிவந்திருந்தது.

"நீங்களா?"

"புத்தகத்தில சொல்லுத்தானே இருக்கு, மெட்டு இல்லையே. எனக்கு வேற மெட்டுத் தெரியாதப்பா."

"ரீச்சர் கேக்கேல்லையா?"

"வகுப்பில வசனமாத்தான் ஒப்புவிச்சவளாம்."

சைவ ரீச்சர் மேடையோரத்தில் வாயில் கை வைத்தபடி நின்றா. முன்னால் சிஸ்ரர்மாரின் தலைகள் மெல்ல ஆடத் தொடங்கின. அண்ணை தொடையில் தாளம் போட்டுக்கொண்டு என் காதுக்குள், "என்ன உருக்கம்! இது என்ன பண், பிள்ளை?" என்றார். "பேசாமல் இருங்கோ அண்ணை" என்றேன். எனக்குக் கண் முட்டிவிட்டது.

அப்போதுதான் மச்சாளைப் பார்த்தேன். கைப்பையின் மேல் அவவுடைய விரல்கள் அசைந்தன. மூன்றாவது அடியில் ஆரணி தடுமாறினாள். மெட்டு எங்கேயோ வழுகிக் கீழே போனது. மேடையிலிருந்து கண்கள் எங்கள் வரிசையைத் தேடின. என்னைத் தாண்டி, தகப்பனைத் தாண்டி, கடைசிக் கதிரைக்குப் போயின.

மச்சாள் நாடியை உயர்த்தினா.

ஆரணி ஏறிப் பிடித்தாள். கடைசி அடி மண்டபம் முழுக்கக் கேட்டது.

கைதட்டு முடிய முன்னமே அவள் மேடையால் குதித்து ஓடிவந்து மாமியின் மடியில் விழுந்தாள். மச்சாள் அவளுடைய தலைமயிரை ஒதுக்கினா. திருநீறு கையில் பட்டது, துடைக்கவில்லை. எழுந்து நேரே அன்ரனிடம் வந்தா.

"பிள்ளையில பிழையில்லை, உன்னிலதான் பிழை" என்றா. "மூண்டாம் அடியில ஏத்தோணும். நீ இறக்கிச் சொல்லிக் குடுத்திருக்கிறாய். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய நான் வீட்ட வாறன். அந்தத் தேவாரத்தை ஒழுங்காப் பழக்கி விடுறன்."